கச்சான் காலத்தில் ஒரு ஃபேஷன் படப்பிடிப்பு: இராமநாதபுரம் கடற்கரையில் நடந்த மாணவர் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கும் மூன்று மாணவர்களும் ஆடை வடிவமைப்பு படிக்கும் ஒரு மாணவியும் சேர்ந்து செய்த பருவத் திட்டம் இது. பரமக்குடியை ஒட்டிய எமனேஸ்வரத்தில் நெய்த கைத்தறிப் பருத்தியைக் கொண்டு ஆறு உடைகள் தயாராகியிருந்தன. கஞ்சி போட்ட சேலை இரண்டு, சிறு கட்டம் போட்ட துணியில் தைத்த நீளச் சட்டை ஒன்று, பாவாடையும் மேல்சட்டையுமாக இரண்டு, தைக்காத ஐந்தரை மீட்டர் அரக்கு நிறத் துணி ஒன்று. இவற்றை எட்டுப் படங்கள் கொண்ட தொடராக எடுத்துக் கொடுக்க வேண்டும். மாடல்களாக நின்ற இரண்டு பெண்களும் அதே கல்லூரி மாணவிகள், 18 வயது நிரம்பியவர்கள். படங்கள் எங்கெல்லாம் பயன்படும் என்று எழுதி அவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கப்பட்டது.

செலவுக்கு ஒதுக்கியது ரூ.24,000. கேமராவும் விளக்கும் இரண்டு நாள் வாடகைக்கு 6,500, வேனுக்கு 8,500, இராமநாதபுரத்தில் தங்க 4,000, சாப்பாட்டுக்கு 3,000, மீதி சில்லறைச் செலவுக்கு. கல்லூரி அட்டவணைப்படி ஜூலை நடுவில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில், எடுத்தாக வேண்டும். பின்னால் நடந்த பெரும்பாலானவற்றுக்கு இந்த மாதமே காரணம்.

முதல் திட்டமும் அதைக் கைவிட்டதும்

முதலில் எழுதிய திட்டத்தில் இடம் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயச் சுவர், இருபுறமும் கடல், வெள்ளை மணல் என்று தாளில் எல்லாம் பொருத்தமாகவே தெரிந்தன. படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன் புகைப்படம் எடுக்கும் மாணவரும் ஆடை வடிவமைத்த மாணவியும் ஒரு சேலையையும் ஒரு கேமராவையும் எடுத்துக்கொண்டு இடம் பார்க்கப் போனார்கள். வெறும் கையோடு போகாமல் துணியைக் கொண்டு போனதுதான் இந்தத் திட்டத்தைக் காப்பாற்றியது.

காலை ஒன்பது மணிக்கு அங்கே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கணுக்கால் உயரத்தில் மணல் ஓடியது. மாணவி சேலையைத் தோளில் போட்டு நின்றபோது முந்தி முகத்தைச் சுற்றிக்கொண்டது, கொசுவம் அவிழ்ந்தது. இருபது நிமிடத்துக்குள் லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புப் படலம் படிந்து, எடுத்த படங்கள் எல்லாம் பால் கலந்தாற்போல் வெளுத்தன. கண் சிவந்து கண்ணீர் வழிந்ததால் மையும் நிற்கவில்லை. எட்டரை மணியிலிருந்தே சுற்றுலா வேன்கள் வரிசையாக வந்து சேர்ந்தன.

சாலையோரம் சங்குக் கடை வைத்திருந்த அம்மா ஒருவர் இவர்கள் படும் பாட்டைப் பார்த்துச் சொன்னார்: "இது கச்சாங் காத்தும்மா. ஆவணி வரைக்கும் தென்கடல் இப்படித்தான். படம் புடிக்கணும்னா மண்டபம் தாண்டி வடகடல் பக்கம் போங்க, குளமாட்டம் கிடக்கும்."

இந்தக் கடற்கரையைப் பற்றி வெளியூர்ப் படப்பிடிப்புக் குழுக்கள் கவனிக்கத் தவறுவதும், இங்குள்ள மீனவர்கள் அன்றாடம் கணக்கில் வைத்திருப்பதும் இதுதான். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. நடுவில் மெல்லிய நிலப்பட்டை. கச்சான் காலத்தில் வடகரை அமைதி, வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் காலத்தில் தென்கரை அமைதி. தனுஷ்கோடியிலேயே சாலையைக் கடந்து வடபுறம் போனால் போதாதா என்று மாணவர்கள் யோசித்தார்கள். அங்கே நிலம் குறுகல், காற்றைத் தடுக்க மரமும் இல்லை. தெற்கில் கிளம்பும் மணல் வடக்கே வந்துதான் விழும்.

தனுஷ்கோடியை விட்டதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளன. இருட்டிய பின் அங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதால் மாலை வெளிச்சத்தை முழுதாகப் பயன்படுத்த வழியில்லை. மற்றது, 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த ரயிலில் இருந்தவர்களும் கடலோடு போன இடம் அது. அந்தச் சுவர்களைப் புது உடைக்கு அழகான பின்புலமாக வைப்பதில் வடிவமைத்த மாணவிக்கே மனம் ஒப்பவில்லை. வழிகாட்டிய ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். சரியான முடிவு. துணியைப் பற்றிய படத்தில் அந்த இடிபாடு வந்தால் பார்ப்பவர் கண் துணிக்குப் போகாது.

மேலிருந்து எடுக்க ட்ரோன் வாடகைக்கு எடுக்கும் எண்ணமும் அன்றே கைவிடப்பட்டது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது, இலங்கையுடனான கடல் எல்லையும் பக்கம். மாணவர் திட்டத்துக்காக அந்த அனுமதிக்கு அலைவது காலவிரயம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. எனவே அவையும் பட்டியலில் சேரவில்லை.

புதிய இடம்

தேர்ந்தெடுத்தது உச்சிப்புளிக்கு வடக்கே, பாக் விரிகுடாவைப் பார்த்த ஆரியமான் கடற்கரை. அங்குள்ள சவுக்குத் தோப்பு நிலப்பக்கத்திலிருந்து வரும் கச்சானைத் தடுக்கிறது. தோப்பை ஒட்டிய மணலில் துணி அசையாமல் நின்றது. கடலை நோக்கி முன்னே போகப் போகக் காற்று கூடியது. ஒரே கரையில் அமைதியான இடமும் காற்றுள்ள இடமும் சேர்ந்து கிடைத்தது பெரிய வசதி.

வெளிச்சமும் பொருந்தியது. ஜூலையில் இங்கே சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், மேற்கிலிருந்து அதே அளவு வடக்கே தள்ளி மறையும். ஆகவே வடகரையில் நின்றால் உதயம் கடல்மேல் தெரியும், மாலை வெயிலும் கடற்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் விழும். ஜூலை நடுவில் உதயம் சுமார் 6.02, மறைவு சுமார் 6.39. இந்த அட்சரேகையில் சூரியன் மணிக்குக் கிட்டத்தட்ட 14 பாகை வீதம் மேலேறுகிறது. அதாவது ஏழரை மணிக்கே 20 பாகை உயரம். குளிர்நாட்டுப் பாடக் காணொளிகளில் சொல்லப்படும் நீண்ட பொன்னிற நேரம் இங்கே முக்கால் மணிக்குள் தீர்ந்துவிடும்.

கல்லூரிக் கடிதத்தின் நகல்கள் காவல் நிலையத்துக்கும் கடற்கரைப் பராமரிப்பைப் பார்ப்பவர்களுக்கும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. கூட்டத்தைத் தவிர்க்கச் செவ்வாயும் புதனும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

உடைகளின் வரிசை

முதல் திட்டத்தில் உடைகளின் வரிசை கதைப்போக்கை ஒட்டி இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, எந்தத் துணி எந்தக் காற்றைத் தாங்கும் என்பதை வைத்து மறுபடி எழுதினார்கள். கஞ்சி போட்ட சேலைகள் முதலில், தோப்பின் மறைவில். வியர்வை பட்டதும் கஞ்சி தளர்ந்து மடிப்பு குலைந்துவிடும், அதனால் உடம்பு வியர்க்காத அதிகாலையே அவற்றுக்கு உரிய நேரம். உடலோடு ஒட்டிய கட்டச் சட்டை ஓரளவு காற்றிலும் நிற்கும், அதனால் எட்டு மணிக்கு. தைக்காத அரக்குத் துணி மாலையில், தோப்பை விட்டு வெளியே, காற்று முழுதாக அடிக்கும் இடத்தில்.

சேலை முந்தி பறக்காமல் இருக்க, வலையில் கட்டும் சிறு ஈயக்குண்டுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் மல் துணியில் பொதிந்து முந்தியின் உட்கரையில் ஓர் அடிக்கு ஒன்றாக நூலால் தைத்தார்கள். பொதியாமல் தைத்தால் ஈயம் துணியில் சாம்பல் கறை விடும். தொங்கும் முந்திக்கு மட்டுமே இது ஆகும். பறக்கவிடும் துணியில் கட்டினால் அடித்து முகத்தைக் காயப்படுத்தும். இருபக்கம் ஒட்டும் டேப் இங்கே பயன்படவில்லை, உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து அரை மணியில் உரிந்துவிட்டது. ஊக்குதான் நம்பகமானது. ஐந்து டஜன் எடுத்துப் போனார்கள், மீதி அதிகம் இல்லை.

முதல் நாள் காலை

நாலு மணிக்கு அறையிலேயே மேக்கப் தொடங்கி, ஐந்தேகாலுக்குக் கிளம்பி, ஐந்தே முக்காலுக்குக் கரையில் இறங்கினார்கள். உதயத்துக்கு முந்தைய நீல வெளிச்சத்தில் முதல் சேலையை எடுப்பதாகத் திட்டம். பையைத் திறந்ததும் லென்ஸ் முழுவதும் ஆவி படர்ந்தது. இரவு முழுக்க ஏ.சி. அறையில் இருந்த கண்ணாடி, கடற்கரையின் ஈரக் காற்று பட்டதும் வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்தது. கண்ணாடியின் வெப்பம் வெளிக்காற்றுக்குச் சமமாகும்வரை வேறு வழியில்லை. இருபது நிமிடம் போயிற்று, நீல வெளிச்சமும் போயிற்று.

உதயத்துக்குப் பிறகு வேலை சீராக நடந்தது. சூரியன் மாடலின் பின்னால், முகத்துக்கு எதிரே 110 செ.மீ. வெள்ளை ரிஃப்ளெக்டர், 85 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்). பின்னால் வெளிறிய மணலும் கடலும் இருந்ததால் கேமராவின் தானியங்கிக் கணக்கு படத்தை இருட்டாக்கியது. ஒன்று முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டிவைத்துத்தான் முகம் சரியாக வந்தது. இரு மாடல்களும் கருநிறத்தவர்கள். கருந்தோலின் அழகு அதன் மேல் விழும் பளபளப்பில் இருக்கிறது. ஒட்டுமொத்த வெளிச்சத்தைக் கூட்டித் தோலை வெளுக்க வைப்பதைவிட, பெரிய வெண்பரப்பைப் பக்கத்தில் பிடித்துக் கன்னத்திலும் தோளிலும் அதன் பிரதிபலிப்பை வாங்குவது நல்லது. பின்னர் கணினியில் திருத்தும்போது தோல் நிறத்தை வெளிறச் செய்யக் கூடாது என்பது குழு முதலிலேயே எழுதிவைத்த விதி. ஃபவுண்டேஷனும் கழுத்து நிறத்தோடு பொருத்திப் பார்த்தே எடுக்கப்பட்டது. மாணவர் திட்டங்களில் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் நிறையப் பேர் தவறுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழே முக்காலுக்கு வெயில் கடுக்கவே, 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடு) மாட்டிய பேட்டரி ஃபிளாஷ் வெளியே எடுக்கப்பட்டது. முழு வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/200 நொடி என்றால் எஃப் 11 வைக்க வேண்டிவரும், பின்புலம் முழுக்கத் தெளிவாகிவிடும். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி 8 ஃபில்டரைப் போட்டால் அதே ஷட்டரில் எஃப் 4-க்கு வரலாம். கணக்கு சரி. ஸ்டாண்டை நிறுத்திய விதம்தான் பிசகியது. தோப்பின் விளிம்பைச் சுற்றி வந்த ஒரு வீச்சில் சாஃப்ட்பாக்ஸ் பாயாக விரிந்து காற்றைப் பிடித்து, ஸ்டாண்டோடு சாய்ந்தது. உதவிக்கு நின்ற மாணவர் ஃபிளாஷைத் தாங்கிவிட்டார். சாஃப்ட்பாக்ஸின் கம்பி ஒன்று முறிந்தது.

காரணங்கள் மூன்று. ஏழடிக்கு மேல் தூக்கிய ஸ்டாண்டுக்கு ஐந்து கிலோ மணல் பை ஒன்றுதான் போடப்பட்டிருந்தது. அதுவும் நடுக்கம்பியில் தொங்கி ஊசலாடியது, தரையில் படிந்து காலை அழுத்தவில்லை. மூன்று கால்களில் ஒன்று காற்று தள்ளும் திசைக்கு நேராக நீட்டப்படவும் இல்லை. அந்த உயரத்துக்குக் குறைந்தது இரண்டு பத்துக் கிலோ மூட்டை வேண்டும். அரிசிச் சாக்கை எடுத்துப்போய்க் கரை மணலையே நிரப்பிக் கட்டினால் சுமக்கும் வேலையும் இல்லை. அதன்பின் அன்று ஃபிளாஷ் எடுக்கவில்லை. வெள்ளை வேட்டியை இரண்டு மூங்கிலுக்கு இடையே கட்டி, தோப்பின் ஓரத்தில் இருவர் பிடித்து வெயிலை மென்மையாக்கினார்கள். கட்டச் சட்டைப் படங்கள் அப்படித்தான் எடுக்கப்பட்டன.

ஒன்பதே காலுக்கு ஒரு மாடலுக்குத் தலை சுற்றியது. மூன்றரை மணிக்கு எழுந்ததிலிருந்து ஒரு காபிதான் குடித்திருந்தார். நிழலில் படுக்கவைத்து உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், அரை மணியில் தெளிந்தார். மிச்சம் இருந்த பாவாடை உடை இரண்டையும் அன்று காலையே முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதைக் குழு ஏற்கவில்லை. காலை வேலை அத்துடன் நின்றது.

முதல் நாள் மாலை

ஐந்து மணிக்கு அரக்குத் துணி. மாடல் நிலப்பக்கம் பார்த்து நின்றார், காற்று முகத்தில் பட்டுக் கூந்தலையும் துணியையும் கடற்பக்கம் கொண்டுபோனது. கேமராவின் முதுகு காற்றுக்கு இருந்ததால் லென்ஸில் மணலோ உப்போ படவில்லை. வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. துணியின் ஒரு முனை இடுப்பில் கட்டப்பட்டது, மறுமுனை சுதந்திரம். மடிப்புகள் கூர்மையாக வர 1/1000, துணி அலையாகக் கலங்கித் தெரிய 1/30, இரண்டும் எடுக்கப்பட்டன. தொடரில் கடைசிவரை நின்றது 1/1000-இல் எடுத்ததுதான். மங்கலாக எடுத்ததில் நெசவு தெரியவில்லை, இந்தத் திட்டத்தின் பொருளே நெசவு. பாவாடை உடைகளும் இருட்டுவதற்குள் தோப்பருகே முடிந்தன.

ஒரு படத்துக்கு மாடல் நீரில் இறங்கினார். முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பாக் விரிகுடாக் கரை ஆழமற்றது என்றாலும் அடியில் உடைந்த சிப்பியும், சில வேளை திருக்கையும் கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

இரவில் கணினித் திரையில்

படங்களை இரண்டு இடங்களில் சேமித்தார்கள், கார்டுகளை அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன.

கட்டச் சட்டைப் படங்களில் துணியின் மேல் இல்லாத வளைகோடுகளும் வானவில் பட்டைகளும் ஓடின. மொய்ரே என்பார்கள். துணியின் சிறு கட்டங்கள் சென்சாரில் விழும் இடைவெளியும் பிக்சல்களின் இடைவெளியும் நெருங்கி வரும் தூரத்தில் இது பிறக்கிறது. வாடகைக்கு வந்த கேமராவில் இதைத் தணிக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லை. கேமராவின் சின்னத் திரையில் கோடுகள் அங்கேயே தெரிந்தன. திரையின் குறை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். சில வேளை அது திரையின் குறையாகவே இருக்கும், ஆனால் நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மென்பொருளில் வண்ணப் பட்டை போயிற்று, கறுப்பு வெள்ளைக் கோடுகள் போகவில்லை.

அடுத்தது, சவுக்குத் தோப்பில் எடுத்தவற்றில் முகத்தின் நிழற்பகுதி பச்சையோடிச் சாம்பல் தட்டியிருந்தது. இலைகளில் பட்டு இறங்கிய வெளிச்சத்தின் வேலை அது. வண்ணத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் நிற அட்டையை வெட்டவெளியில் ஒருமுறை படம் எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தியிருந்தார்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அட்டையை எடுக்க வேண்டும்.

அன்றிரவு ஏ.சி. அணைக்கப்பட்டது. லென்ஸ்களில் ஊதுபந்தால் மணலை முதலில் ஊதி நீக்கி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் உப்பைத் துடைத்தார்கள். உலர்ந்த துணியால் நேரே துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும். ஸ்டாண்டின் கால்களும் மூட்டுகளும் தண்ணீரில் கழுவப்பட்டன.

இரண்டாம் நாள்

நீல வெளிச்சம் இம்முறை கிடைத்தது. கட்டச் சட்டை மறுபடி எடுக்கப்பட்டது: ஒரு தடவை இரண்டடி முன்னே நகர்ந்து, ஒரு தடவை எஃப் 13-க்கு மூடி, ஒரு தடவை மாடலைச் சற்றே திருப்பி. முன்னே நகர்ந்து எடுத்ததுதான் சுத்தமாக வந்தது.

மீதி நேரத்தில், மண்டபத்துக்கு அருகே கடற்பாசி வளர்க்கும் ஒரு மீனவ ஊரில் மூங்கில் மிதவைகளைப் பின்புலமாக எடுக்க விரும்பினார்கள். கரையில் வேலையாக இருந்த பெண்களிடம் முதலில் கேட்டார்கள். "எடுத்துக்கங்க தாயி. காயப்போட்ட பாசியில மட்டும் கால் வச்சிராதீங்க, மண்ணு ஒட்டுனா வெல போயிரும்" என்றார் ஒருவர். தங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதனால் கடலுக்குப் போகாமல் கரையேறிக் கிடந்த வெற்று மிதவைகளை மட்டும் வைத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கிளம்பினார்கள். உழைக்கிறவர்களைப் புது உடைக்குப் பின்னால் அலங்காரமாக நிறுத்தாமல் இருந்தது படத்துக்கும் நல்லதாகவே அமைந்தது. மூங்கிலின் கட்டமும் துணியின் கட்டமும் ஒன்றையொன்று பேசவைத்தன.

விளைவு

எட்டுப் படங்களும் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டன. அரக்குத் துணிப் படமும் மிதவைப் படமும் மதிப்பீட்டில் பாராட்டுப் பெற்றன. தோப்பில் எடுத்த ஒரு படத்தில் பச்சைச் சாயல் முழுதாகப் போகவில்லை, அதற்கு மதிப்பெண் குறைந்தது. சாஃப்ட்பாக்ஸ் கம்பிக்காக ரூ.900 வைப்புத்தொகையில் பிடித்துக்கொள்ளப்பட்டது.

துணி கொடுத்த நெசவாளருக்கும் படங்கள் அனுப்பப்பட்டன. ஒரு சேலைப் படத்தில் துணியின் உட்புறம் வெளியே தெரிகிறது என்று அவர் காட்டினார். கரையில் நூல்முனைகள் விட்டிருக்கும் பக்கம் அது. நெசவு தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். குழுவில் நால்வரும் ஆசிரியரும் பல தடவை பார்த்த படத்தில் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் படம் மாற்றப்பட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

உடை கட்டும்போது நெசவாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், முடியாவிட்டால் ஒவ்வொரு துணியின் வெளிப்புறத்திலும் அவரே நூலால் அடையாளம் போட்டுக் கொடுக்க வேண்டும். கட்டமும் கோடும் உள்ள துணியை அறையிலேயே அதே கேமராவில் நான்கைந்து தூரங்களில் எடுத்துப் பார்த்து, மொய்ரே வரும் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாடல்களுக்குக் கிளம்பும் முன் இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

இதே துறையின் அடுத்த குழு ஜனவரியில் எடுக்கவிருக்கிறது. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வரும் வாடை, ஆரியமான் பக்கம் அலை கிளம்பியிருக்கும். உதயமும் தென்கிழக்கே தள்ளி மன்னார் வளைகுடாப் பக்கம் போயிருக்கும், நேரம் சுமார் 6.35. அவர்கள் தென்கரையில், நிலப்பக்கம் மரமுள்ள ஓர் இடத்தைத் தேட வேண்டும். இடம் பார்க்கப் போகும்போது ஐந்தரை மீட்டர் துணியையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறது.